கைகள் போய்ச் சேரும் வேகம்

ஜூன் 3, செவ்வாய்

சரவணம்பட்டி வீட்டில் இன்னும் பாதிச் சாமான் பெட்டியில்தான் இருக்கிறது. குக்கர் கிடைத்துவிட்டது, அதன் விசில் கிடைக்கவில்லை.

இன்டர்நெட் லைன் இப்போதைக்கு வராதாம். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவை நீளமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அதை மூடிய பிறகுதான் கேபிள் இழுக்க முடியும் என்று கம்பெனிக்காரர் சொன்னார். எப்போது மூடுவார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையில் ஒரு நிறுவனம் காது கேளாதவர்களுக்காக வீடியோ வழி மொழிபெயர்ப்பு ஆரம்பித்திருக்கிறது. டாக்டர், பேங்க், போலீஸ் ஸ்டேஷன் என்று எங்கே போனாலும் அவர்கள் போனைத் திறந்தால் திரையில் என்னைப் போல ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். எதிரே இருப்பவர் பேசுவதைச் சைகையாகவும், அவர்கள் சைகையைப் பேச்சாகவும் மாற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கிட்டத்தட்ட உறுதி. மிச்சமிருப்பது வீட்டிலிருந்து செய்து காட்ட வேண்டிய தேர்வு மட்டும்.

மதியம் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் வேகம் பார்த்தேன். நாற்பது மெகாபிட் வந்தது. சந்தோஷமாக அந்த நிறுவன மேலாளருக்கு எழுதினேன். அது டவுன்லோடு, எனக்கு அப்லோடு சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அப்லோடு ஒன்றரை.

அதாவது உலகம் என்னிடம் ஓடி வருகிறது. நான் உலகத்துக்கு நொண்டிக்கொண்டு போகிறேன்.

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து வீடு முழுக்க அளந்தேன். சமையலறை ஜன்னல், பால்கனி, குளியலறை வாசல். அம்மா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான் எங்கே நின்றாலும் ஸ்டூலைப் போட்டு, போனை அதன்மேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். என் முகம்தான் அவளுக்கு ரிசல்ட்.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவுக்கும் கேட்காது, அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் பேசுவதற்கு முன்பே கையால் பேசியவள். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன், அதனால்தான் இந்த வேகம் பற்றிய கவலையும். குரல் கொஞ்சம் விட்டு விட்டு வந்தால் ஊகித்துக்கொள்ளலாம். சைகையில் படம் ஒரு நொடி உறைந்தால் அந்த வார்த்தையே காணாமல் போய்விடும். 'வலிக்கிறது' என்பதற்கும் 'வலிக்கவில்லை' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு அசைவு.

இன்று தெரிந்துகொண்டவை: 5ஜி என்று எழுத்து வந்தால் மட்டும் போதாது, வீட்டுக்குள் இரண்டு சுவர் தாண்டியதும் அது பெயருக்குத்தான். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஃபிரிட்ஜ் இருக்கக் கூடாது. அம்மாவின் போனும் அதே ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டு சமையல் வீடியோ இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம். ஃபிரிட்ஜையும் தன்னையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டேனாம்.

ஜூன் 6, வெள்ளி

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வடபுறம் அப்லோடு நான்கு வருகிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர். தொட்டி நிழலில் பாய் விரித்து, லேப்டாப்பை ஒரு பக்கெட் மேல் வைத்துப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் கனடாவில் இருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். நான் அரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு தொண்டையைச் செருமினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் வாசித்தார்.

வகுப்பு முடிந்ததும், எனக்கு முக்கியமான வேலை இருக்கிறது, அந்த இடம் வேண்டும் என்று சொன்னேன். தனக்கும் முக்கியமான வேலைதான் என்றார். குரல் மட்டும்தானே போகிறது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் போகுமே என்றேன்.

"குரலுன்னா போயிருமுங்க. இது சுருதிங்க. நடுவுல அறுந்தா அந்தப் புள்ளைக தப்பாத்தான் கத்துக்கும்" என்றார். கோபப்படாமல் சொன்னது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பெயர் ஞானவேல். பம்புசெட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். காலையும் மாலையும் குழல் வகுப்பு. நாற்பது வயதிருக்கும். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

ஜூன் 7, சனி

தூறல். மாடிக்குப் போகவில்லை. தலைவலி. குக்கர் விசில் கிடைத்தது, அரிசி டப்பாவுக்குள்.

ஜூன் 9, திங்கள்

பூரணியுடன் முதல் அழைப்பு, பழகிப் பார்ப்பதற்காக. கரூரில் இருக்கிறாள். அவளும் கணவன் செல்லமுத்துவும் காது கேளாதவர்கள், இருவருக்கும் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை. பூரணிக்கு இது ஒன்பதாம் மாதம். முப்பதாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். அன்று தன் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறாள். ஆபரேஷன் அறைக்குள் டேப்லெட் வைக்க டாக்டரம்மாவும் சரி என்றிருக்கிறார்.

முதல் குழந்தை வேறு ஆஸ்பத்திரியில் பிறந்தது. எல்லோரும் முகமூடி போட்டிருந்ததால் உதடு பார்த்துக்கூட எதையும் புரிந்துகொள்ள முடியவில்லையாம். திடீரென்று தள்ளிக்கொண்டு போனார்கள், மயக்கம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது வயிறு இல்லை, குழந்தையும் பக்கத்தில் இல்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று வேறு அறையில் வைத்திருந்ததை யாரும் இவளுக்குச் சொல்லவில்லை. மறுநாள் மதியம் வரை அது உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் கிடந்திருக்கிறாள். இப்போது அந்தக் குழந்தைக்கு நான்கு வயது, பின்னால் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ எனக்கு எல்லாம் தெரியணும். அப்பப்ப தெரியணும்" என்றாள் கையால்.

நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் படம் உறைந்துவிட்டது. கை பாதி வழியில் நின்றபடி, வாய் கோணி. அவள் காத்திருந்தாள். மறுபடி வந்ததும் முதலில் இருந்து சொன்னேன். மூன்று தடவை இப்படி ஆனது.

மாலை மேலாளர் பேசினார். இருபதாம் தேதி தேர்வில் வேகம் நிலையாக இல்லையென்றால் டெல்லியில் இருக்கும் ஒருவரைப் பூரணிக்குப் போட வேண்டியிருக்கும் என்றார். அவர் நல்ல மொழிபெயர்ப்பாளர்தான். ஆனால் அந்தப் பக்கத்துச் சைகையில் பல சொற்கள் பூரணிக்குப் பழக்கமில்லை. டாக்டரின் தமிழும் அவருக்குப் புரியாது, நடுவில் இன்னொருவர் வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஞானவேலிடம் போய்ப் பூரணியைப் பற்றிச் சொன்னேன். பாதி சொல்லும்போதே பாயைச் சுருட்டிவிட்டார். இடம் உங்களுக்குத்தான், நான் படிக்கட்டுப் பக்கம் போகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை கோபப்பட்டதை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அம்மா மேலே வந்து அவர் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தக் குச்சியை ஏன் கடிக்காமல் வைத்திருக்கிறார், கரும்பா என்று என்னிடம் கேட்டாள். நான் மொழிபெயர்க்க மாட்டேன் என்றேன். அம்மா என்ன சொன்னாங்க என்று அவர் விடாமல் கேட்டார். சொன்னதும் குழலை அம்மாவின் உள்ளங்கைக்கு நேரே பிடித்து ஊதிக் காட்டினார். அம்மா கையை விலக்காமல் வைத்திருந்தாள். விரல் மாற மாறக் காற்றும் மாறுகிறது என்றாள். எனக்கு இது தெரியாது. குழலைக் காதால் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

தொட்டி நிழலிலும் மாலையானால் வேகம் விழுந்துவிடுகிறது. காலையில் நான்கு வந்த இடம் ஏழு மணிக்கு ஒன்று. எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனைத் திறப்பதால் டவரில் நெரிசல் என்று ஞானவேல் சொன்னார். அவர் இதற்கு ஒன்றும் நிபுணர் இல்லை, என்னைப் போலவே தேடிப் படித்தவர்தான். நேற்று அவர் கண்டுபிடித்ததாகச் சொன்ன ஒரு வித்தை போனை எவர்சில்வர் தட்டத்தின் நடுவில் நிற்க வைப்பது. இருந்த வேகமும் போயிற்று. அந்தத் தட்டத்திலேயே பிறகு மூன்று பேரும் முறுக்கு சாப்பிட்டோம்.

உருப்படியாகத் தெரிந்தது ஒன்று. வெயிலில் போன் சூடாகிவிட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஈரத்துணியை அருகில் வைத்து, அட்டையால் விசிறினால் பத்து நிமிடத்தில் மீள்கிறது.

ஜூன் 14, சனி

இன்று பெரிய முன்னேற்றம். வைஃபையில் இணைக்காமல் போனையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்தோம். வேகம் அதிகம் கூடவில்லை, ஆனால் ஆட்டம் நின்றது. நாலு, நாலு, நாலரை, நாலு. ஞானவேல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் தாளம் போட்டுச் சொன்னார். பிறகு அவருடைய சிம்மை என் போனில் போட்டுப் பார்த்தோம். வேறு கம்பெனி, அதன் டவர் வடக்கே கீரணத்தம் பக்கம். ஏழு வந்தது.

இருபதாம் தேதி சிம்மை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். உங்கள் வகுப்பு என்னாவது என்றேன். அன்று குழந்தைகளுக்கு லீவு விட்டுவிட்டதாகச் சொன்னார். கேட்பதற்கு முன்பே விட்டிருக்கிறார்.

நீல நிறச் சுடிதார் போட்டிருந்தேன். சைகை தெளிவாகத் தெரிய ஒரே நிறத்தில், கோடு பூ இல்லாமல் போட வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. இன்றைக்கு அழைப்பு ஒன்றும் இல்லையே என்று அம்மா கேட்டாள். பழகிக்கொள்ள வேண்டாமா என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா அரிசிம்பருப்பு சாதம் செய்து ஒரு டப்பாவில் போட்டு ஞானவேல் வீட்டுக்கு அவளே எடுத்துப் போனாள். அரை மணி நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் இருவரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உப்பு, புளி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சைகை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு விரல் நன்றாக வளைகிறது. குழல் பிடிக்கிற விரல்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நான்கு வருடத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், கல்யாணத்துக்கப்புறம் அம்மாவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டது. அம்மா எதிரிலேயே கேட்டார்கள், கேட்காதுதானே என்று. உதடு படிப்பாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இது ஏன் இன்றைக்கு நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தேறிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட உறையவில்லை. பூரணிக்கு நான்தான்.

ஜூன் 27, வெள்ளி

கை வலிக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஒன்பதரைக்குச் செல்லமுத்து வீடியோவில் வந்தார். பூரணிக்கு வலி வந்துவிட்டது. முப்பதாம் தேதிவரை காத்திருக்க வேண்டாம், பதினொன்றரைக்கு ஆபரேஷன் என்று டாக்டரம்மா முடிவு செய்துவிட்டார்.

மாடிக்கு ஓடினேன். அப்லோடு ஒன்றுக்கும் கீழே. எதிர்த் தெருக் கல்யாண மண்டபத்தில் ஏதோ பெரிய விசேஷம். வாசலில் இரண்டு பஸ், நூறு கார். வந்தவர்கள் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் சிம், ஞானவேல் கொடுத்த சிம், தொட்டி நிழல், படிக்கட்டு, எதிலும் ஏறவில்லை. மேலாளரைக் கூப்பிட்டேன். டெல்லிக்காரர் வேறு அழைப்பில் இருக்கிறார் என்றார்.

ஞானவேல் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கார எடுக்கறனுங்க. டவர் இங்க வரலீன்னா நாம டவருகிட்டப் போயிரலாம்" என்றார்.

அம்மா தன் பச்சைப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் காரில் ஏறிவிட்டாள். எதற்கு என்று கேட்க நேரமில்லை.

கீரணத்தம் ரோட்டில் போகப் போக நான் பின் சீட்டிலிருந்து வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு. இரண்டரை. ஒரு பாலம் தாண்டியதும் ஐந்து. ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் எட்டரை. நிறுத்துங்கள் என்றேன். லேப்டாப்பை முன் சீட்டில் என் பக்கம் திருப்பி வைத்தோம். எனக்குப் பின்னால் கண்ணாடி வழியே ரோடு தெரிந்தது, லாரி போனால் பூரணியின் கவனம் சிதறும். அப்போதுதான் புடவை எதற்கென்று புரிந்தது. அம்மா அதை விரித்து ஒரு முனையைக் கதவில் செருகி, மறு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவில் விழாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞானவேல் போனை நீளக் கேபிளோடு வெளியே எடுத்து மர நிழலில் பிடித்து, ஆபீஸ் ஃபைலால் விசிற ஆரம்பித்தார்.

பூரணி திரையில் வந்தாள். தலைமாட்டில் டேப்லெட். முதுகில் ஊசி போட்டதால் முழு நினைவோடு இருந்தாள். டாக்டரம்மா பேசப் பேச நான் சொன்னேன். இப்போது மரத்துவிட்டதா பார்க்கிறார்கள். இப்போது ஆரம்பிக்கிறார்கள். இப்போது அழுத்துவது போல இருக்கும், பயப்பட வேண்டாம்.

அவள் ஒரு கையில் டிரிப்ஸ், அசைக்கக் கூடாது. மறு கையால் ஏதோ சொன்னாள். இரண்டு கையால் சொல்ல வேண்டியதை ஒரு கையால். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் புரியவில்லை. இத்தனை வருடத் தொழிலில் இப்படிக் கைவிட்டதில்லை.

அம்மா என் முழங்காலைத் தட்டினாள். "மூச்சு முட்டுதுங்கறா" என்று கேமராவுக்குக் கீழே கையால் காட்டினாள்.

உடனே டாக்டரிடம் சொன்னேன். ஆக்சிஜன் வைத்தார்கள். பூரணியின் முகம் தளர்ந்தது. அதற்குப் பிறகு அம்மா புடவையை ஒரு கையால் பிடித்தபடி, பூரணி சொன்ன ஒவ்வொன்றையும் எனக்குச் சொன்னாள். நான் டாக்டருக்குச் சொன்னேன். ஒற்றைக் கைப் பேச்சு அம்மாவுக்குப் பழக்கம்தானாம். ஒரு கையில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அப்பாவோடு பேசினாளாம்.

எடுத்துவிட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் கையைத் தூக்கினேன். திரையின் மூலையில் என் படம் உறைந்தது.

குழந்தையின் அழுகை வந்தது. குரல் வருகிறது, அவள் முகமும் தெரிகிறது, நான்தான் அவளுக்குப் போகவில்லை. பூரணி டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி முகமூடிகள். அவள் கண்ணில் அந்தப் பழைய நாள் ஏறுவதை நான் பார்த்தேன். ஞானவேல் என்று கத்தினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் கேட்காமல் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கேபிள் எட்டிய வரைக்கும் தோப்பு வேலிக் கல்லின்மேல் ஏறி நின்றார்.

என் கை அசைந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

அழுகிறது என்றேன். நன்றாக அழுகிறது. சத்தமாக, நிறுத்தாமல், வாயை முழுக்கத் திறந்து அழுகிறது. ஆண் குழந்தை. பூரணி அந்த ஒற்றைக் கையால் மறுபடி சொல் என்றாள். மறுபடி சொன்னேன். ஐந்தாறு தடவை சொல்லியிருப்பேன்.

வேலிக் கல்லின் மேலிருந்து ஞானவேல், "பஞ்சமத்துல அழுகுதுங்க. சுருதி சுத்தமா இருக்குது" என்றார். இங்கே குழல் வாசிக்கிறவர் ஒருவர் உங்கள் மகனுக்கு நல்ல குரல் என்கிறார் என்று பூரணிக்குச் சொன்னேன். அவள் சிரித்ததில் வயிறு குலுங்க, டாக்டரம்மா சிரிக்காதம்மா, தையல் போடறேன் என்றார். அதையும் சொன்னேன். இன்னும் சிரித்தாள்.

எல்லாம் முடிந்து லேப்டாப்பை மூடினேன். பிறகு ஞானவேல் தோப்புக்காரரிடம் இளநீர் வாங்கி வந்தார். அம்மா அவரைப் பார்த்துக் கையால் ஒன்று சொன்னாள். எங்களில் ஒருவரின் பெயரைச் சொல்ல விரலால் எழுத்து எழுத்தாகக் காட்ட மாட்டோம், ஆளைப் பார்த்துச் சைகையிலேயே ஒரு பெயர் வைப்போம். தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடிப்பது. இனி அவருக்கு அதுதான் பெயர்.

ஜூலை 4, வெள்ளி

தெருவை மூடிவிட்டார்கள். கேபிளும் வந்துவிட்டது. அப்லோடு தொண்ணூறு. உட்கார்ந்த இடத்தில், ஃபிரிட்ஜுக்குப் பின்னாலேயே வருகிறது. அம்மாவின் சமையல் வீடியோவும் ஓடுகிறது.

இனி மாடிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நல்லதுதான். வெயில் அதிகம்.

ஜூலை 5, சனி

கேபிள் எப்போதாவது அறுந்தால் மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும் அல்லவா. காலையும் மாலையும் மாடியில் அளந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஞானவேல் காலையில் கதவைத் தட்டினார். சிறுவாணி ரோட்டுப் பக்கம் சிக்னல் எப்படி என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமா, அவசரத்துக்கு ஆகும் என்றார். அம்மாவும் வர வேண்டும் என்றார். நான் அம்மாவிடம் சொல்லத் திரும்பினால் அவள் தலைசீவி, செருப்புப் போட்டு நின்றிருந்தாள். இவர்களுக்குள் ஏற்கெனவே பேச்சு நடந்திருக்கிறது.

மலை தெரிகிற ஒரு வளைவில் காரை நிறுத்தினார். அம்மா முன் சீட்டிலிருந்து இறங்கி, எதையோ பார்ப்பது போல நாலடி தள்ளிப் போய் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

அவர் பேசவில்லை. கையைத் தூக்கினார். பலநாள் பழகியது தெரிந்தது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. நீங்கள். அம்மா. நான். ஒரே வீடு. கடைசிச் சொல்லில் விரல் ஒன்று மாறிப்போய்விட்டது. அவர் கேட்க நினைத்தது வேறு. கையில் வந்தது, 'சேர்ந்து சமைக்கலாமா' என்று.

அங்கே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் காது சிவந்து, என்ன தப்பு என்று கேட்பது போல என்னைப் பார்த்தார்.

நான் விரலைத் திருத்தவில்லை. சமைக்கலாம் என்று கையாலேயே சொன்னேன்.

திரும்பி வரும்போது அங்கே வேகம் எவ்வளவு வந்தது என்று அம்மா கேட்டாள். மூன்று பேரில் ஒருவர்கூட அளக்கவில்லை.